சர்ச் விருந்தான அசனத்துக்கு மட்டும் ஊருக்கு வர்ற அண்ணன்மாருக்கு

ஊர் குரூப்புல ரெண்டு நாளா நடக்குற கூத்தை எல்லாரும் பாத்துட்டுதான் இருக்கீங்க. ஐயரு, அதான் நம்ம சபைப் போதகரு, கோயிலை ஹோட்டல் ஆக்கிட்டாராம்! பிள்ளைங்க இல்லாம மூடிக் கிடந்த பழைய ஸ்கூல்ல வயசானவங்களுக்கு வாரத்துல மூணு நாள் மத்தியானச் சோறு, சாப்பிட்டதும் ஒரு பாமாலை, ஒரு ஜெபம், புதன்கிழமை ஆராதனையும் அங்கயே. இதுக்குத்தான் அவ்வளவு வாய்ஸ் மெசேஜ். "கோயில் கோயிலா இருக்கட்டும்"னு துபாய் அண்ணன் ஒருத்தர். அண்ணே, போன அசனத்துல உங்களைப் பந்தியில பாத்தோம், ஆராதனைல பாக்கலயே.

400 பேர் உக்காருற கோயில்ல இப்ப முப்பது பேர் வந்தா பெருசு. யாரும் விசுவாசத்தை விட்டுட்டுப் போகல. பனையேத்து நின்னுச்சு, பிழைக்க சென்னை, பெங்களூரு, துபாய்னு போனோம், கொஞ்சப் பேர் டவுன்ல டிரம்ஸ் அடிக்கிற சபைக்குப் போயிட்டாங்க. மிச்சம் நம்ம அம்மாமார்தான். இருக்கிற முப்பது பேரைத்தான ஐயரு பாக்கணும், அதைத்தான பாக்குறாரு?

"சோறு போட்டா கூட்டம் வந்திருமாலே?" வராது. யாரு வரும்னு சொன்னா? "கமிட்டியில கேக்கல." சரி, கேட்டிருக்கலாம். "வெள்ளைக்காரர் காலத்துப் பாரம்பரியம்." இதுக்குத்தான் சிரிப்பு வருது. 1799ல முதலூர்ங்கிற ஊர் உண்டானதே வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்ததால அடி வாங்குனவங்களுக்கு ஒதுங்க ஒரு இடம் வேணும்னுதான். மிஷனரி கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தது 1841, அந்தப் பெரிய கோயில் பிரதிஷ்டை ஆனது 1880. நடுவுல அத்தனை வருஷம் அங்க சபை இல்லயா?

எங்க அம்மா தனியாத்தான் இருக்காங்க. போன ஐப்பசி மழையில புறவாசல்ல வழுக்கி விழுந்து ராத்திரி பூரா எந்திரிக்க முடியாம கிடந்தாங்க. மறுநாள் எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம் அம்மா பேர் வெட்டுன எவர்சில்வர் தட்டு ஒண்ணு மட்டும் அடுக்குலயே இருந்திருக்கு, அதைப் பாத்துட்டுத்தான் ஐயரம்மா வீட்டுக்கு ஓடியிருக்காங்க. நான் தாம்பரத்துல இருந்தேன். நாளைக்குப் போன் பண்ணிக்கலாம்னு இருந்தேன். உங்களை மட்டும் சொல்லல, என்னையும் சேத்துத்தான் சொல்றேன்.

கோயில்ல எல்இடி ஸ்கிரீன் மாட்டுனப்ப ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சா? வராது, அதுல உபயம்னு பேரு ஓடுச்சுல்ல. சோத்துத் தட்டுல யாரு பேரைப் போட முடியும்? அப்படியே போட்டாலும் அம்மாமார் பேருதான்.

அரிசி மூட்டை அனுப்புறவங்க எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க. அட்வைஸ் அனுப்புறவங்க குரூப்புலயே போட்டுக்கோங்க, நான் அதுல இருந்து வெளிய வந்துட்டேன்.