அரியர் வைத்தவன் எல்லாம் சோம்பேறியா?

"திரும்ப எழுதிக்கலாம்ங்கிற தைரியத்துலதான் இந்தப் பசங்க படிக்கிறதே இல்ல." பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் நாலு பேர் எங்கே கூடினாலும் இதே பல்லவிதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அரியர், அதாவது தவறிய தாளை மறுபடி எழுதுவது, அப்படி என்ன சொகுசு என்று சொல்லுங்கள், பார்ப்போம். நவம்பர், டிசம்பரில் எழுதிய தேர்வில் கப்பு விழுந்தால், அதாவது தவறிவிட்டால், அது தெரியவருவதற்குள் அடுத்த செமஸ்டர் பாடங்கள் ஓட ஆரம்பித்திருக்கும். மறுபடி எழுதுவது எப்போது? ஏப்ரல், மே மாதத்தில், அந்த செமஸ்டரின் புதுத் தாள்களோடு தாளாக. காலையில் பழைய கணக்குத் தாள், மதியம் புதுத் தாள் என்று ஒரே நாளில் அமைந்துவிட்டால் கதை முடிந்தது. ஒரு மணிக்கு ஹாலை விட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு கையில் தயிர்சாதம், மறு கையில் ஜெராக்ஸ் நோட்ஸ். இரண்டு மணிக்கு மறுபடி உள்ளே. விரல் மரத்துப் போயிருக்கும். அந்த மதியத் தாளில் மதிப்பெண் குறைந்தால், பையனுக்குப் பொறுப்பில்லை!

இத்தனைக்கும் இது சலுகை கிடையாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி தியரி பாடத்துக்கு, செமஸ்டர் நடுவே கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் மார்க் 40, எழுத்துத் தேர்வு 60. முதல் தடவை வாங்கிய இன்டர்னல்தான் அரியருக்கும் தொடரும். அப்போது டெங்குவில் படுத்துக் கிடந்தவனுக்கும் அதே மார்க்தான். எல்லாத் தாளையும் முதல் முயற்சியிலேயே தேறினால்தான் டிஸ்டிங்ஷன். ஒரு அரியர் விழுந்துவிட்டால், அப்புறம் பத்துக்கு ஒன்பது சிஜிபிஏ (மொத்தப் படிப்பின் சராசரி) வைத்திருந்தாலும் கிடையாது. கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போனால் சில கம்பெனிகள் 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' இருக்கிறதா, அதாவது எப்போதாவது அரியர் வைத்ததுண்டா என்று முதல் படிவத்திலேயே கேட்கும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு எவனாவது வேண்டுமென்றே கோட்டை விடுவானா?

2020இல் கொரோனா சமயத்தில், கட்டணம் கட்டியவர்களுக்கு அரியர் தேர்வு ரத்து என்று அரசு அறிவித்ததே, அதை வைத்து இன்னமும் கேலி செய்கிறார்கள். அறிவித்தது அரசு, அவமானம் மட்டும் மாணவனுக்கு. அது போகட்டும்.

எனக்கு ஆறாத கோபம் வேறு. 2025இல் பிளஸ் டூ முடிவு மே 8ஆம் தேதி வந்தது. தவறியவர்களுக்கு ஜூன் 25இலேயே துணைத் தேர்வு தொடங்கிவிட்டது. படித்தது மறப்பதற்குள் எழுதி, அதே வருடம் கல்லூரியில் சேர்ந்துவிடலாம். ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசால் செய்ய முடிகிறது. லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் இடத்தில் ஏன் முடியாது? மறுதேர்வு படிப்பைக் கெடுக்கவில்லை ஐயா. அதை ஆறு மாதம் இழுத்து அடுத்த செமஸ்டர் தலையில் கட்டுகிறீர்களே, அதுதான் கெடுக்கிறது.

ரிசல்ட் வந்த ஒரு மாதத்தில், தனியாக ஒரு தேர்வு வைத்துப் பாருங்கள். அதற்கும் படிக்காமல் வந்து உட்கார்ந்தால் தாராளமாகத் திட்டுங்கள், நானும் கூட நின்று திட்டுகிறேன்.