இறக்கை வளைந்தாலே விதிமீறல் ஆகிவிடாது
“ஓடும்போது முன் இறக்கை வளைவது வீடியோவில் தெரிகிறது, அதனால் அந்த ஃபார்முலா 1 கார் சட்டவிரோதம்” என்று சொல்வது சரியல்ல. காற்றியக்கப் பாகங்கள், அதாவது காரைச் சுற்றி ஓடும் காற்றைக் கையாளும் இறக்கை போன்றவை, விதியே அனுமதிக்கும் சில அசையும் பாகங்களைத் தவிர, அசையாமல் இருக்க வேண்டும் என்று விதி சொல்வது உண்மைதான். ஆனால் முழுக்க வளையாத பொருள் எதுவும் கிடையாது. அதனால்தான் இந்தப் பந்தயத்தை நிர்வகிக்கும் உலக அமைப்பான எஃப்ஐஏ (FIA) காரை நிறுத்திவைத்து, இறக்கைமேல் குறிப்பிட்ட சுமையை ஏற்றி, எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளக்கிறது.

2025 ஸ்பெயின் பந்தயத்திலிருந்து இந்த வரம்பைக் கடுமையாக்கினார்கள். இருபுறமும் 100 கிலோ சுமை ஏற்றினால் 15 மி.மீ. வரை வளையலாம் என்றிருந்தது 10 மி.மீ. ஆனது. வளைவை அடியோடு தடை செய்துவிட்டார்கள் என்பதும் தவறு, குறைத்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், சோதனையில் தேறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. சந்தேகம் வந்தால் புதிய சோதனையைக் கொண்டுவர எஃப்ஐஏவுக்கு அதிகாரம் உண்டு. எனக்கு இதுதான் நியாயமான வழியாகப் படுகிறது. வீடியோவை வைத்து ஒரு அணியை ஏமாற்றுக்காரர்கள் என்பது அந்தப் பொறியாளர்களுக்குச் செய்யும் அநியாயம்.