மைப்பேனாவில் இந்தியன் இங்க் ஊற்றாதீர்கள்

“மைப்பேனாவில் இந்தியன் இங்க் ஊற்றினால் மழையில் நனைந்தாலும் எழுத்து அழியாது” என்று நாகர்கோவில் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எழுத்து அழியாதுதான், ஆனால் பேனா பாழாகிவிடும். அந்த மையில் கரித்தூளும், வழக்கமாக அரக்கும் இருக்கும். தொட்டு எழுதும் பேனாவுக்கு அது பொருந்தும். மைப்பேனாவிலோ நிப்புக்கு அடியிலிருந்து மை ஊட்டும் நாக்கட்டையின் மயிரிழைக் கால்வாயில் காய்ந்து அடைத்துக்கொள்ளும்; பிறகு தண்ணீரில் கரையாது. என் மருமகள் கொண்டுவந்த பேனாவைக் கழற்றிப் பார்த்தேன். நிப்பின் பிளவில் கறுப்புப் பொருக்கு. நகத்தால் சுரண்டியும் வரவில்லை. மனம் வலித்தது.

இரண்டு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில் அழியாத எழுத்தை விரும்புவது நியாயமே. அதற்கு மைப்பேனாவுக்கென்றே தயாரித்த, இரும்பு உப்பு கலந்த நீலக்கறுப்பு மை இருக்கிறது. காற்றுப்பட்டுக் கறுத்துத் தாளில் பிடித்துக்கொள்ளும். மை ஊறும் மெல்லிய தாளுக்கு ஃபைன் நிப் எடுங்கள். மை மாற்றும்போது பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம்.