நன்றி எழுதினால் மாத்திரை வேண்டாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் ஒரு புலன (வாட்ஸ்அப்) செய்தி சுற்றுகிறது: "நன்றி சொல்லத் தோன்றும் விஷயங்களை 21 நாள் எழுதினால் மனச்சோர்வு போய்விடும், மாத்திரையை நிறுத்தலாம்." இது தவறு.

உளவியலாளர்கள் எம்மன்ஸ், மெக்கல்லோ இருவரின் 2003 ஆய்வில் நரம்புத்தசை நோயாளிகள் 21 நாள் எழுதினார்கள். மனநிலை மேம்பட்டது, உண்மைதான். ஆனால் அது மனச்சோர்வுக்கான சிகிச்சை ஆய்வே இல்லை. 27 ஆய்வுகளைத் தொகுத்த 2021 கட்டுரையோ, மனச்சோர்வில் பலன் சிறியது என்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா 555 என்ற சின்ன நோட்டில் எழுதுகிறார்: "மழை விட்டது, ரப்பர் மரத்தில் பால் எடுக்க முடிந்தது." நோட்டுக்குள்ளேயே மாத்திரை அட்டையும் இருக்கிறது. சரியான வழி அதுதான்.

மாத்திரையை நிறுத்துவதா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். மனம் தாங்கவில்லையா, சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) மனநல உதவி எண் 15555க்கு இப்போதே அழையுங்கள்.