ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்காதவர்

அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளரும் தயாரிப்பாளருமான நார்மன் லியரைப் பற்றி யார் எழுதினாலும் ‘துணிச்சல்காரர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. துணிச்சல் பலரிடம் உண்டு. லியரிடம் இருந்தது பிடிவாதம். அதுவும் தாளில் எழுதப்பட்ட ஒற்றை வரியின் மீது வைத்த பிடிவாதம். அவருடைய பெருமை அதிலிருந்து வந்தது. அவர் செய்த பிழையும் அதிலிருந்துதான் வந்தது என்பது என் கருத்து.

1971 ஜனவரி 12. லியரின் ‘ஆல் இன் தி ஃபேமிலி’ நகைச்சுவைத் தொடர் முதன்முறையாக சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாக வேண்டிய நாள். போட்டித் தொலைக்காட்சியான ஏபிசி இரண்டு முறை மாதிரி அத்தியாயம் எடுக்க வைத்து, இரண்டு முறையும் கைகழுவிய தொடர் அது. கதையின் தொடக்கத்தில், இனவெறி பேசும் குடும்பத் தலைவர் ஆர்ச்சி பங்கரும் மனைவி எடித்தும் தேவாலயத்திலிருந்து சீக்கிரமே வீடு திரும்பிவிடுகிறார்கள். தனிமை கிடைத்தது என்று நினைத்திருந்த மகளும் மருமகனும் கையும் களவுமாகப் பிடிபடுகிறார்கள். ‘ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கா!’ என்று அதிர்கிறார் ஆர்ச்சி. அந்த வரியை வெட்டச் சொன்னது சிபிஎஸ் நிர்வாகம். அதில் ஆபாசமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த நேரத்தைக் காதால் கேட்டதும் பார்ப்பவர் மனம் மாடியறைக்குப் போய்விடுமே என்று பயந்தார்கள். வெட்டினால் விலகிவிடுவேன் என்றார் லியர். சின்ன வரிதானே என்று அன்றைக்கு விட்டுக்கொடுத்தால் பிறகு ஒவ்வொரு வரிக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அத்தியாயம் வெட்டில்லாமல் போனது. புகார்கள் குவியும் என்று கூடுதல் தொலைபேசி ஊழியர்களை அமர்த்தியிருந்தார்கள். பயந்த அளவுக்கு யாரும் அழைக்கவில்லை.

அந்த வரிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் இந்தப் பிடிவாதம் புரியும். லியருக்கு ஒன்பது வயதானபோது தந்தை ஹெர்மன் போலிப் பத்திரங்களை விற்க முயன்று சிறைக்குப் போனார். தாய் வீட்டுச் சாமான்களை விற்கத் தொடங்கினார். தந்தை உட்காரும் சிவப்புத் தோல் நாற்காலிக்கு ஒருவர் விலை பேசிக்கொண்டிருந்தார். வந்திருந்த யாரோ ஒருவர் சிறுவனின் தோளில் கைவைத்து, இனி இந்த வீட்டுக்கு ஆண்பிள்ளை நீதான் என்றார். பல ஆண்டுகள் கழித்து ஆர்ச்சியின் வரவேற்பறையில் வேறு யாரும் உட்காரக் கூடாத நாற்காலி ஒன்று இடம்பிடித்தது. அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தொடரின் கரு ஜானி ஸ்பைட் எழுதிய பிரிட்டிஷ் தொடரிலிருந்து வந்தது. உயிர் ஹெர்மனிடமிருந்து வந்தது. மனைவியை ‘வாயை மூடு’ என்று அதட்டுவதும், ‘நான் பார்த்ததிலேயே சோம்பேறியான வெள்ளைக்காரப் பையன் நீதான்’ என்று திட்டுவதும் ஹெர்மனின் வாய்மொழிகள். மகனைத் திட்டுகிற சாக்கில் கறுப்பின மக்கள் அனைவரையும் இழிவுபடுத்தும் அந்த வாக்கியத்தை லியர் மறக்கவே இல்லை. ஆனாலும் ஆர்ச்சியை அவர் வில்லனாக எழுதவில்லை. தந்தையை வெறுக்க முடியாத மகனின் கை அதில் தெரிகிறது. எழுத்தாக எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

உளவியலாளர்கள் நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் இருவரும் 1974இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இனப் பாகுபாட்டு எண்ணம் அதிகமுள்ளவர்கள் ஆர்ச்சியைக் கேலிக்குரியவராகப் பார்க்கவில்லை, தங்கள் ஆளாகவே பார்த்தார்கள் என்றது அது. தொடரே தோற்றுவிட்டது என்று சொல்ல இன்றும் சிலர் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். நான் ஏற்கமாட்டேன். பல நூற்றாண்டுகளாக மதங்களால் முடியாததை அரை மணி நேர நகைச்சுவைத் தொடர் சாதித்துவிடும் என்று லியரே நம்பவில்லை. வியட்நாம் போரையும் நிறவெறியையும் பற்றிய பேச்சு தொலைக்காட்சியில் மாலைச் செய்தியோடு முடிந்துபோன காலம் அது. அவற்றைப் பற்றி மாமனாரும் மருமகனும் சாப்பாட்டு மேசையில் கத்திக்கொள்ளும் வீட்டை அவர் காட்டினார். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அந்த வீடுதான் பார்வையாளர் எண்ணிக்கையில் முதலிடம். 1972 நவம்பரில் லியரின் இன்னொரு தொடரான ‘மாட்’டின் நாயகி நாற்பத்தேழு வயதில் கர்ப்பமாகி, கருக்கலைப்பு செய்துகொள்ள முடிவெடுத்தாள். நாடு முழுவதும் அந்த உரிமையை நிலைநாட்டிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான். அந்த அத்தியாயங்களை எழுதியவர் சூசன் ஹாரிஸ் என்ற பெண் எழுத்தாளர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஏனென்றால், பேனா யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியில்தான் லியர் சறுக்கினார்.

லியர் தயாரித்த ‘குட் டைம்ஸ்’ 1974இல் தொடங்கியது. சிகாகோவின் அரசுக் குடியிருப்பில் வாழும் கறுப்பினக் குடும்பத்தின் கதை. உருவாக்கியவர்கள் எரிக் மாண்டே, மைக் எவன்ஸ் என்ற இரண்டு கறுப்பின எழுத்தாளர்கள். கதையில் தந்தை இருந்தே ஆக வேண்டும் என்று நின்று சாதித்தவர் தாயாக நடித்த எஸ்தர் ரோல். ஆனால் வாராவாரம் எழுதிய அறையில் வெள்ளையர்களே அதிகம் இருந்தார்கள். மூத்த மகன் ஜே.ஜே.யின் கோமாளித்தனத்துக்குக் கைதட்டல் விழ விழ, கதை அவன் பக்கம் சாய்ந்தது. தந்தையாக நடித்த ஜான் அமோஸ் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் இப்படிப் பேசமாட்டார்கள், இப்படி நடந்துகொள்ளமாட்டார்கள் என்று சண்டை போட்டார். மூன்றாவது பருவத்தோடு அவர் நீக்கப்பட்டார். 1976இல் அவருடைய பாத்திரம் கார் விபத்தில் இறந்ததாகக் கதை நகர்ந்தது. அடுத்த ஆண்டு ரோலும் விலகினார், பிறகுதான் திரும்பி வந்தார்.

நிர்வாகத்திடம் லியர் கேட்டதும் தயாரிப்பாளரிடம் அமோஸ் கேட்டதும் ஒன்றேதான்: இந்த வீட்டை எனக்குத் தெரியும், இந்த வரி பொய், என்னை நம்பு. அதை மற்ற எவரையும்விட லியர் புரிந்துகொண்டிருக்க வேண்டும். தயாரிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்கு அது தொல்லையாகத் தெரிந்தது. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் இதை மழுப்பக் கூடாது என்று நினைக்கிறேன்.

அவர் எதையுமே காதில் வாங்காதவரும் அல்ல. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தினர் தன் அலுவலகத்துக்கே வந்து, கறுப்பினக் குடும்பம் என்றால் ஏழ்மைதானா, தந்தை மூன்று வேலை பார்த்தும் ஒன்றுமில்லாமல்தான் இருக்க வேண்டுமா என்று கோபப்பட்டதை அவரே சொல்லியிருக்கிறார். ஆர்ச்சியின் பக்கத்து வீட்டில் இருந்த ஜெஃபர்சன் என்ற கறுப்பினக் குடும்பம் 1975 ஜனவரியில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் உயர்ந்த அடுக்குமாடிக்குக் குடிபோய்த் தனித் தொடரானது. பதினோரு பருவங்கள் ஓடியது.

2017இல், 94 வயதில், தன் பழைய ‘ஒன் டே அட் எ டைம்’ தொடரைப் புதிதாக எடுக்க வைத்தார். விவாகரத்தான வெள்ளையினத் தாயின் இடத்தில் கியூப வம்சாவளித் தாய். ராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய செவிலியர். எழுத்துப் பொறுப்பு மைக் ராய்ஸோடு சேர்த்து குளோரியா கால்டெரோன் கெல்லெட்டிடம் போனது. கியூபாவிலிருந்து வந்தவர்களின் மகள் அவர். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு மேடை நாயகிபோல் வரவேற்பறைக்குள் நுழையும் பாட்டி, பேத்தியின் பதினைந்தாவது பிறந்தநாள் விழாவுக்காக வீட்டில் நடக்கும் வாக்குவாதம் எல்லாம் அந்த வீட்டை உள்ளிருந்து அறிந்தவர் எழுதியவை. ‘குட் டைம்ஸ்’ எழுத்தறையில் ஜான் அமோஸ் கேட்டது இதைத்தான்.