வீட்டில் யாரிடம் சொன்னாய்?

கொரோனாக் காலத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "பிள்ளைகள் வீட்டோடு இருந்தார்கள், அதனால்தான் தாக்குப்பிடித்தார்கள்" என்று எங்கள் ஆசிரியர் அறையில் யாராவது சொல்வார்கள். ஊர்ப்புறக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பிக்கும் என்னால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. வீட்டோடு இருந்தார்கள் என்பது உண்மை. 2020 மார்ச் நடுவில் கல்லூரி மூடப்பட்டபோது, விடுதிப் பிள்ளைகள் ஒரு வாரத்துக்கான துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். நடுவில் சில வாரங்கள் கதவு திறந்து மூடியதைத் தவிர, 2021 செப்டம்பர் வரை அவர்களுக்கு வீடுதான் வகுப்பறை. ஆனால் வீட்டோடு இருந்ததும் வீட்டாரிடம் மனம்விட்டுப் பேச முடிந்ததும் ஒன்றல்ல என்பதை என் வகுப்பில் படித்த இருவர் எனக்குக் கற்பித்தார்கள்.

முதலில் அந்த மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா வெளியூர் உணவகத்தில் வேலை பார்த்தவர். உணவகம் மூடியதும் ஊர் திரும்பிவிட்டார். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கியிருந்தார். தளர்வுகள் வந்ததும் பையன் பெயிண்டிங் வேலைக்குப் போனான். சாரத்தில் நின்றபடியே காதில் ஒயரை மாட்டிக்கொண்டு என் வகுப்பில் இணைந்திருக்கிறான். கேமராவைப் போடச் சொன்னபோது அவன் போடவில்லை, பெயரைச் சொல்லி அழைத்தபோதும் பதில் இல்லை. நான் அவனுக்கு வருகைப் பதிவு போடாமல் விட்டேன், பலமுறை. 2020 ஆகஸ்ட் 26 அன்று, தேர்வுக் கட்டணம் செலுத்தியிருந்தவர்களுக்கு அரியர் பாடங்களில், அதாவது முன்பு தேறாமல் நின்ற பாடங்களில், தேர்ச்சி என்ற அரசு அறிவிப்பு வந்தது. பிறகு அது நீதிமன்றம் வரை சென்றது வேறு செய்தி. அன்றிரவு எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் குவிந்தன, அவனும் வாழ்த்து அனுப்பியிருந்தான். ஆனால் அவன் கட்டணம் கட்டியிருக்கவில்லை. கட்டணத்துக்கென்று வைத்திருந்த பணம் குழுக் கடனின் தவணைக்குப் போய்விட்டது, அதைக் கொடுத்தவனும் அவனேதான். ஊரெல்லாம் தேர்ச்சி என்று பேசிக்கொண்டிருக்க, தன் மகனும் தேறிவிட்டான் என்று அம்மா நினைத்துக்கொண்டார், அவனும் மறுக்கவில்லை.

ஒரே அறையும் தாழ்வாரமும் கொண்ட அந்த வீட்டில் நால்வர் இரவும் பகலும் ஒன்றாக இருந்தார்கள். ஒரு மாதம் அல்ல, ஓராண்டுக்கு மேல் அவன் அதை எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், தவணைக்குக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும், அம்மா உடைந்துபோவார் என்று நினைத்திருக்கிறான். கல்லூரி திறந்த பிறகு, ஆய்வகத்தில் தனியாக நின்றிருந்த ஒரு மாலையில்தான் என்னிடம் சொன்னான். "நீ அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்க ஆப்சென்ட் போட்டீங்க, சார்" என்றான். அந்த மறுமொழியில் கோபம் இல்லை. அதுதான் இன்றுவரை எனக்கு வலிக்கிறது.

இன்னொருத்தி மாணவி, அவள் வீட்டிலும் வறுமைதான். பத்து மணி வகுப்பில் பூசணிக் குடும்பத்துப் பூக்களைப் பற்றிப் பேசிவிட்டு, வீட்டருகே பீர்க்கங்கொடி இருப்பவர்கள் ஒரு பூவைப் பறித்துக் காட்டுங்கள் என்றேன். அவள் போனிலிருந்து இன்னொரு குரல் வந்தது: "பீர்க்கு சாயங்காலந்தானே விரியும், இந்நேரத்துக்குப் பரங்கிப் பூதான் கெடைக்கும்னு உங்க சார்கிட்ட சொல்லு." அவளுடைய அம்மா, கூலிக்குக் களையெடுக்கப் போகிறவர். சிறிது நேரத்தில் இரண்டு பரங்கிப் பூக்களைக் கொண்டுவந்து கேமராவின் முன் பிடித்தார். ஒன்றன் அடியில் பிஞ்சு இருந்தது, மற்றதில் வெறும் காம்பு. ஆண் பூ எது, பெண் பூ எது, சூலகம் ஏன் இதழ்களுக்குக் கீழே இருக்கிறது என்று நான் விளக்க வைத்திருந்த பாடம் முழுவதும் அந்த இரண்டு பூக்களில் இருந்தது. அவரையே பேசச் சொல்லிவிட்டு, அவர் சொன்னதற்கெல்லாம் பாடநூல் பெயர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மா, வேலை இல்லாத நாட்களில் மகளின் வகுப்பைக் கேட்கத் தொடங்கினார். மகள் என்ன படிக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது. மகளுக்கும் அம்மாவுக்கு என்னென்ன தெரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. தை பிறந்ததும் உறவில் ஒரு வரன் வந்தது. ஊரடங்கில் கல்யாணம் வைத்தால் செலவு குறைவு என்று பெரியவர்கள் பலர் வற்புறுத்தினார்கள். அந்த ஆண்டில் எத்தனையோ வீடுகளில் கேட்ட வாதம் அது. மகள் தனக்கு விருப்பமில்லை என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா வீட்டாரை எதிர்த்து நின்றார், அந்தப் பேச்சு முடிந்துபோனது. அவள் பட்டம் பெற்றாள்.

பணத்தால் இந்த இரு வீடுகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பாசத்திலும் குறைவில்லை, அந்தப் பையனின் தாய் அவன்மேல் உயிரையே வைத்திருப்பவர். ஒருத்திக்கு உண்மையைச் சொல்ல ஓர் ஆள் இருந்தார், மற்றவனுக்கு இல்லை. ஹவாயின் காவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வறுமை, பெற்றோரின் நோய், குடும்பச் சண்டை என்று பல இடர்களுக்கிடையில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அவர்கள் தம்மைப் பேணும் ஒருவரிடமேனும் நெருங்கிய பிணைப்பு கொண்டிருந்தார்கள். அந்த ஒருவர் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியாகவோ அண்டை வீட்டுக்காரராகவோ ஆசிரியராகவோ இருக்கலாம். அதைப் படித்தபோது, என் கையிலிருந்த வருகைப் பதிவேடுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆகவே 'மீள்திறன்', அதாவது இடர்களிலிருந்து மீண்டெழும் ஆற்றல், என்ற சொல்லைப் பிள்ளைகளின் பிறவிக் குணம்போலப் பயன்படுத்தும்போது எனக்கு உறுத்துகிறது. சாரத்தில் நின்றபடி வகுப்பு கேட்டவனுக்கு உறுதி குறைவா? அவன் ஒரு குடும்பத்தின் தவணையைச் சுமந்தவன். அவனுடைய சுமையைப் பகிர யாரும் இல்லாமல் போனதுதான் குறை. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி என்று தமிழ்நாட்டு அரசு டேட்டா கார்டு அளித்தது. அது பெரிய உதவி, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கல்லூரிகளாகிய நாங்கள் அந்த டேட்டாவின் வழியே பாடத்தையும் தேர்வுத் தேதியையும் அனுப்பினோம். வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். எங்களுடைய பிள்ளைகளில் பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அவர்களின் பெற்றோரைக் கல்லூரிக்கு நாங்கள் அழைத்ததெல்லாம் வருகை குறைந்தபோதும் கட்டணம் நிலுவையானபோதும்தான். கல்லூரியிலிருந்து போன் வந்தாலே ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அஞ்சும் பெற்றோரிடம் பிள்ளை எப்படித் தன் தோல்வியைச் சொல்லும்?

அந்த மாணவன் அரியரை எழுதித் தேறிவிட்டான், ஓராண்டு தாமதமாக. தேர்ச்சி பெற்ற பிறகுதான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னானாம். அவர் அழுதது அரியருக்காக அல்ல, தவணைக்காகவும் அல்ல, "இத்தன நாளா தனியாவா வச்சிருந்த?" என்று கேட்டு அழுதாராம்.

முதலாண்டு மாணவர்களின் விவரங்களை எழுதி வாங்கும் தாளில் பெற்றோர் எண்ணுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன்: 'உனக்கு எது நடந்தாலும் முதலில் யாரிடம் சொல்வாய்?' அக்கா என்று எழுதுகிறார்கள், சித்தி, தாத்தா, பள்ளித் தோழன் என்று எழுதுகிறார்கள். சிலர் அந்த வரியை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அவர்களோடுதான் முதல் வாரத்திலேயே பேசத் தொடங்குகிறேன்.