அந்த அடாஜியோ அல்பினோனி எழுதியதல்ல

'கலிப்போலி' (1981) படத்தில் வரும் அந்தச் சோகமான அடாஜியோவை (மெதுவான நடையில் அமைந்த இசைத்துண்டு) 18ஆம் நூற்றாண்டு பரோக் இசை (பழைய ஐரோப்பிய இசைப்பாணி), இத்தாலிய இசையமைப்பாளர் அல்பினோனி எழுதியது என்று கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள். அது தவறு. அல்பினோனி 1751-லேயே இறந்துவிட்டார். இது அச்சேறியது 1958-இல். எழுதியவர் ரெமோ ஜியாசொட்டோ என்ற இத்தாலிய இசை ஆய்வாளர். அல்பினோனியின் கையெழுத்துத் துண்டு ஒன்றை வைத்து விரித்ததாகச் சொன்னார், ஆனால் அந்த மூலப்படியைக் கடைசிவரை காட்டவில்லை. பினாங்கில் நான் வயலின் படித்தபோது டீச்சர் கொடுத்த இசைத்தாளில் அல்பினோனி பெயர் பெரிதாக இருந்தது, கீழே பொடி எழுத்தில் ஜியாசொட்டோ. அந்தப் பொடி எழுத்தைப் பார்க்கவே எனக்கு இரண்டு வருடம் ஆனது! மேலே கருத்து எழுதிய ஒருவர் "ஆர்கன் சத்தம் கேட்டாலே பரோக்தான்" என்கிறார். இந்த அடாஜியோவிலும் ஆர்கன் இருக்கிறதே ஐயா, அதனால் இது பரோக் ஆகிவிடுமா? பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலியும் ஆல்பத்தில் போட்ட பெயரைத்தான் காட்டும். உண்மையான பரோக் வேண்டுமென்றால் 'பேரி லிண்டன்' (1975) படத்தில் வரும் சரபாந்து என்ற மெதுவான நடன இசையைக் கேளுங்கள். அது பரோக் கால இசையமைப்பாளர் ஹேண்டல், பியானோவுக்கு முந்தைய விசைக் கருவியான ஹார்ப்சிகார்டுக்கு எழுதியது. படத்தில் கேட்கும் கனமான ஆர்கெஸ்ட்ரா மட்டும் லியனார்ட் ரோசன்மன் அமைத்தது.